பொழுது சாய்வதற்குள்

"ஒண்ணு போதும்."

"லெங் அண்ணன் ஆறு காலேஜ் நேர்ல போய்ப் பாத்தான்பா."

"அவன் ஆம்பளப் பய. போற வழியில கார்லயே தூங்கி எந்திரிச்சு வந்தான். நீ அப்படித் தூங்குவியா?"

"தூங்குவேன். நீங்க விட்டாத்தான."

செங் மகளை முறைத்துவிட்டு, அவள் மேசையில் விரித்திருந்த வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சேருமுன் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய கல்லூரிகள் இருந்த மூன்று ஊர்களைக் கலியா அதில் வட்டமிட்டிருந்தாள். முதலாவது, அவர்கள் குடியிருக்கும் வாசாவிலிருந்து அரை மணி நேரம். அடுத்தது மூன்று மணி நேரம். கடைசியாகச் சிகாகோ. அங்கே ஒரு ராத்திரி மாணவிகள் விடுதியில் தங்க வேண்டும். மறுநாள் காலை நேர்காணல். அதற்குப் போனால்தான் முழு உதவித்தொகை.

அந்த வீட்டில் கல்லூரிகளின் எண்ணிக்கையை மதிப்பெண் தீர்மானிக்கவில்லை. சூரியன் தீர்மானித்தது. இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிகிற ஊர் மட்டுமே மகளுக்கு உண்டு. நவம்பரில் வாசாவில் நாலரைக்கே இருட்டிவிடும்.

செங்கின் மனைவி யேர் அடுப்படியில் கடுகுக்கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். பன்றிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவும் கூட வரட்டும் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். ரெண்டு பொம்பளைங்க தனியாகப் போனால் ஊர் ரெண்டு மடங்கு பேசும் என்றார் செங். பள்ளிக்கூட ஆசிரியை போனில் கெஞ்சியதற்கும் சரி சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அதோடு மறந்தவர்தான்.

"ஒரு ராத்திரி வெளிய தங்குன பொண்ண நம்ம ஹ்மோங் சனத்துல எவன் கேட்டு வருவான்?"

"வராட்டி நல்லது. நிம்மதியாப் படிப்பேன்."

"வாய் மட்டும் நீளம். உங்கம்மாவக் கேளு. அவளுக்குத் தெரியும்."

யேரின் கத்தி நின்றது.

அவளுக்குத் தெரியும். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. நூலகத்தில் உட்கார்ந்திருந்ததில் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டாள். பக்கத்துத் தெரு செங் தன் காரில் ஏறச் சொன்னான். பனியில் சறுக்கி, வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. இழுவை வண்டி வந்து, வீடு சேர எட்டு மணி. அதற்குள் இரு குடும்பத்துப் பெரியவர்களும் கூடிவிட்டார்கள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. செங்கைக் கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதையே தப்பு நடந்ததற்கான ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, விடிவதற்குள் கல்யாணத்தை முடிவு செய்தார்கள். அவளுடைய பத்தாம் வகுப்பு அதோடு முடிந்தது.

பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட கதை வேறு. அப்பாவும் அம்மாவும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்களாம்.

யேர் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கணவருக்கு எதிரே உட்கார்ந்தாள். மகள் எழுந்து போகப் பார்த்தபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள்.

"லெங் அப்பா, எத்தன காலேஜுன்னு அப்புறம் பேசலாம்."

செங் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்குக் கார் பள்ளத்துல எறங்குன பிறகு என்ன நடந்துச்சுன்னு இவகிட்டச் சொல்லுங்க. நீங்க முன்சீட்டுல, நான் பின்சீட்டுல. குளிர்ல பல்லு கிட்டிப்போய் உக்காந்திருந்தோம், அவ்வளவுதான்னு சொல்லுங்க. பெரியவங்ககிட்டச் சொல்லல. பரவால்ல. இவகிட்டயாவது ஒரு தடவ சொல்லுங்க."