பித்தத்துக்கு ஒரு பொடி

"மறுபடியும் குடிக்கிறீங்க, அதானே?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். அப்படியும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் கையிலிருந்த ரத்தப் பரிசோதனைத் தாள் அப்படி. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம் நாற்பதுக்கு இறங்கியிருந்த, ஈரல் கெட்டால் ஏறும் நொதி, ஆறாம் மாதம் நூற்று எழுபதுக்குத் தாவியிருந்தது.

"சத்தியமா இல்ல. நீ குடுக்கிறதைத் தவிர வேற எதையும் நான் குடிக்கிறதில்ல," என்றார் என் கணவர்.

குடித்த காலத்திலும் இதே முகத்தோடுதான் சத்தியம் செய்வார். நான் ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவு. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை. தையல் விட்டிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். பதினேழு வருஷமாக அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறேன். என் கண்ணிலேயே மண்ணைத் தூவப் பார்க்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் அவருக்கு 'டேங்கர்' என்று பெயர். நூற்று முப்பத்தெட்டு கிலோ. ஈரலில் கொழுப்பு அப்பிக் கிடக்கிறது, தழும்பும் விழ ஆரம்பித்துவிட்டது, இப்படியே விட்டால் ஈரல் சுருங்கிவிடும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டார். அன்றைக்கு நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ஒரு சொட்டு உள்ளே போனாலும் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அறுவைக்குப் பிறகு நாற்பது கிலோ குறைந்தது. நடுவில் அடிக்கடி தலைசுற்றலும் வாந்தியும். மூன்றாம் மாதம் வந்தபோது டாக்டரம்மா தாளைப் பார்த்து, "பித்தம் கூடியிருக்கு," என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மீதியைக் கேட்காமல் கிளம்பிவிட்டேன். பித்தத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அது கூடினால் என்னென்ன செய்யும் என்று தெரியாதா? தணிக்கிறதுக்கு ஒரு பொடி வாங்கினேன். தினமும் காலையில் வெந்நீரில் இரண்டு ஸ்பூன். மூச்சுக் காட்டாமல் குடித்துவிடுவார்.

எங்கள் முறை வந்தது. டாக்டரம்மா அவரையே உற்றுப் பார்த்தார்.

"மறைக்காம சொல்லுங்க. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்சம் குடிச்சாலும் சட்டுனு ரத்தத்துல ஏறிடும். ஈரல் தாங்காது."

"தொடவே இல்ல டாக்டர்."

"அப்போ நாளைக்கே அட்மிட் ஆகுங்க. ஊசி விட்டு ஈரல்ல ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கணும்."

அவர் கை என் பக்கம் நகர்ந்தது. நான் பிடிக்கவில்லை.

"எடுங்க டாக்டர். அப்பவாவது உண்மை வெளில வரட்டும்," என்றேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "எனக்கே புரியலம்மா. மூணாவது மாசம் எவ்வளவு நல்லா இருந்துச்சு! பித்தம்கூடக் கூடியிருந்துச்சே."

"அதைத்தான் தணிச்சிட்டேனே."

வாய் தவறி வந்துவிட்டது. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சொன்னீங்க?"

"பித்தம்... கூடினா ஆகாதே."

"கூடினது நல்லதும்மா!" ஒரு தாளை இழுத்து, குடலைப் பாதை பிரிவது போல வரைந்தார். "நான் சொன்னது ஈரல்ல சுரக்கிற பித்தநீரை. முன்னாடி சாப்பாடும் அதுவும் இரைப்பையைத் தாண்டினதும் கலந்திடும். ஆபரேஷன்ல பாதையை மாத்தினதால இப்போ சாப்பாடு ஒரு வழி, பித்தநீர் ஒரு வழி. கீழே போய்த்தான் சேருது. அதனால ரத்தத்துல பித்த உப்பு கூடும். குடல்லேருந்து ஈரலுக்குத் தகவல் போகும், கொழுப்பைச் சேர்க்காதே, எரின்னு. எடை குறையறது ஒரு பக்கம்னா இது இன்னொரு பக்கம். என்ன குடுத்தீங்க?"

கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தேன். மதிய ஷிப்டு முடிந்து வாங்க வேண்டும் என்று காலி டப்பாவை மாதிரிக்குக் கொண்டுவந்திருந்தேன். அதில் விலை இருந்தது, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது இல்லை.

"இந்த மாதிரிப் பொடியே சில பேருக்கு ஈரலைப் பதம் பார்த்திடும். இன்னியோட நிறுத்துங்க. ரெண்டு வாரம் கழிச்சு ரத்தம் பார்ப்போம். இறங்கினா ஊசி வேணாம். இறங்கலேன்னா, எவ்வளவு கெட்டிருக்குன்னு பார்த்தே ஆகணும்."

வெளியே வந்தோம். மூன்று மாதமாக அவருக்கு என் கையாலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் வாயை மோந்து பார்த்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"அந்தக் கசப்பை ஒரு நாளாவது வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். அப்போதும் என் குரல் அதட்டலாகத்தான் வந்தது.

அவர் தொளதொளத்த பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வேணாம்னு சொன்னா, வெளியில குடிச்சிட்டு வந்துட்டேன்னு நினைப்பே."