டேங்க் அடியில் கேட்ட கேள்வி

கேள்வி யாரைப் பார்த்துக் கேட்டாலும் பதில் முனிசாமியிடமிருந்துதான் வரும். பஸ்ஸில் கண்டக்டர் பக்கத்து சீட்டுக்காரரிடம் எங்கே இறங்கணும் என்று கேட்டால்கூட இவர் முந்திக்கொண்டு, "அவரு மதுராந்தகம்ங்க" என்பார். கெட்ட மனிதர் இல்லை. வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். அவருக்கு வாக்கப்பட்ட ஞானம்பாளுக்கு வெளியாட்களிடம் பேசவேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. மளிகைக் கடையில் அவளுக்கு எவ்வளவு பருப்பு வேண்டும் என்பதையும் அவரே சொல்வார். சரியாகவும் சொல்வார்.

அவர்கள் ஊர் படாளத்திலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவில் இருந்தது. ஞானம்பாள் இடுப்பு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தபோது நடவு வேலை தலைக்கு மேல் கிடந்தது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் பொழுது அதிலேயே போய்விடும். ஊரப்பாக்கத்தில் குடியிருக்கும் மகன் மோகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, டாக்டரோடு முகம் பார்த்துப் பேசுகிற ஆப் ஒன்றை அப்பாவின் செல்போனில் ஏற்றிக்கொடுத்தான்.

"இனிமே நீ அலையவே வேணாம் நைனா. டாக்டரே நம்ம வூடு தேடி வருவாங்க."

டாக்டர் வந்தார்தான். ஆனால் வீடு வரைக்கும் வரவில்லை, தண்ணீர் டேங்க் அடி வரைக்கும்தான் வந்தார். ஊரில் சிக்னல் நிற்கிற இடம் அது ஒன்றுதான். காலையில் தண்ணீர் விடுகிற நேரத்தில் அங்கே குடங்களோடு பாதி ஊர் நிற்கும். எதிரில் டீக்கடை வேறு. ஒரு சினிமா ஷூட்டிங் வந்தால் எப்படிச் சுற்றி நிற்பார்களோ, அப்படி நின்றார்கள். முனிசாமிக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

திரையில் சுஜாதா என்ற பெண் டாக்டர். பொறுமையான குரல்.

"என்னம்மா செய்யுது?"

"இடுப்பு நோவு டாக்டரம்மா," என்றார் முனிசாமி. "நாத்து நட்டா யாருக்குதான் நோவாது? ஒரு நல்ல மாத்தரையா குட்தீங்கன்னா போதும்."

டாக்டர் சிரித்தார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரித்தார். அப்புறம் கேட்டார்: "மாதவிலக்கு நின்னுடுச்சாம்மா? நின்னதுக்கு அப்புறம் எப்பவாவது ரத்தம் படுதா?"

டேங்க் அடியில் பேச்சு நின்றது. ஞானம்பாள் தலை நிமிரவில்லை. டீக்கடை பெஞ்சில் அவளுடைய மூத்தார், முனிசாமியின் அண்ணன், கிளாசைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே அவள் உட்கார்ந்ததுகூட இல்லை. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் முனிசாமி முந்திவிட்டார்.

"சேச்சே! அதெல்லாம் நின்னு வருசக் கணக்காவுது. அப்டி ஒண்ணும் கெடையாது டாக்டரம்மா."

"அவங்க சொல்லட்டுமேங்க."

அவர் போனை மனைவி பக்கம் திருப்பினார். ஞானம்பாள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதிக்கொடுத்த டாக்டர், எதற்கும் ஒருமுறை நேரில் வந்து காட்டுங்கள் என்றும் சொன்னார். ஆகட்டும் என்றார் முனிசாமி. அறுப்பு முடியட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகும் அதே டேங்க் அடி, அதே கூட்டம். டாக்டரும் விடாமல் அதே கேள்வியைக் கேட்டார். பதிலும் மாறவில்லை. இன்னும் சொல்லப்போனால் முனிசாமி இப்போது கேள்வி முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

அறுப்பு நாளில் ஞானம்பாள் வரப்பிலேயே சுருண்டு விழுந்தாள். தூக்கிய பெண்கள் புடவையைப் பார்த்துவிட்டு ஆண்களைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, கருப்பை வாயில் புற்று, வெளியிலும் பரவிவிட்டது என்றார்கள். கொஞ்ச காலம் கதிர்வீச்சு சிகிச்சை என்று கரண்ட் வைத்தார்கள். பிறகு மோகனைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பஸ்ஸும் ஆட்டோவும் இனி அவள் உடம்புக்கு ஆகாது. டாக்டர் சுஜாதாவே வாரா வாரம் போனில் பார்த்து வலிக்கு மருந்து சொல்கிறேன் என்றார். மோகன் பதறி ஓடி, வீட்டுக்கே ஒயர் இழுத்து வைஃபை போட்டுவிட்டான். இப்போது டாக்டர் உண்மையாகவே வீடு தேடி வந்தார். உள்ளறையில் கட்டில் பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு என்ன வேண்டுமானாலும் பேசலாம். இந்த வசதி முன்பே வந்திருக்கக் கூடாதா என்று முனிசாமி தினமும் தலையில் அடித்துக்கொண்டார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வைஃபை டப்பாவைத் திட்டினார்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு பகல். டாக்டர் திரையில் வந்து, "வலி எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"ராவுல தூக்கமே இல்ல டாக்டரம்மா, மொனகிகினே..."

"நீங்க இல்லைங்க. அவங்க பேசட்டும். நீங்க போனை மட்டும் பிடிச்சுக்குங்க."

முனிசாமி வாயை மூடிக்கொண்டார். ஞானம்பாள் கண்ணை மூடியபடியே கிடந்தாள். மெல்லிய குரலில் ஆரம்பித்தாள்.

"டேங்காண்ட ஒண்ணு கேட்டீங்களே டாக்டரம்மா... அப்பவே பட்டுகினுதான் இருந்திச்சி. ஆடி மாசத்துலயே ஆரம்பிச்சிடுச்சி. யாரும் ஏந்திரிக்கறதுக்கு முன்னாடி மோட்டார் கொட்டாயில போயி தொவச்சி தொவச்சி எட்த்தாருவேன். எம்மா ஜனம் நின்னுகினு இருந்திச்சி, எப்டி சொல்றது?"

இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழுந்த முனிசாமிக்கு இது தெரியாது.

"வூட்டுலயாவது இவராண்ட சொல்லிருக்கணும். சொல்லலாம்னு வருவேன். அதுக்குள்ள இவரு வேற ஒண்ணு பேச ஆரம்பிச்சிடுவாரு."

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி மெதுவாக நின்றது. வைஃபை டப்பாவின் பச்சை விளக்கு அணைந்தது, திரையில் டாக்டரின் முகம் அப்படியே உறைந்து, பிறகு மறைந்தது.

'கட்டாயிடுச்சி' என்று முனிசாமிக்கு வாய்வரை வந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பார். ஞானம்பாள் கண்ணைத் திறக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள்.

"அதுக்காக இவர குத்தம் சொல்லாதீங்க. நல்ல மனுசன்தான். நேத்து நோவு கம்மியா கீதுன்னு இவராண்ட சொன்னேன். பொய்யி. ரொம்ப நோவுது டாக்டரம்மா. பயமாவும் கீது. போறதுக்கு ரொம்ப பயமா கீது. இவராண்ட சொன்னா அழுவாரு, அதான் உங்களாண்ட சொல்றேன்."

முனிசாமி தன் கண்ணிலிருந்து ஒழுகியதைத் துடைக்கக் கையை எடுத்தால் போன் அசையும். அசைந்தால் அவள் கண்ணைத் திறந்துவிடுவாள். அவர் துடைக்கவில்லை.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினாள். "அவங்க கேட்டுகினு கீறாங்களா?"

முனிசாமி அணைந்த போனை அவள் வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"கேட்டுகினுதான் கீறாங்க," என்றார். "நீ சொல்லு, ஞானம்."