அறை எடுத்த அண்ணன்

அயல்வீட்டுப் புஷ்பமலரின் அண்ணன் கனடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோர்வேக்கு வருகிறார் என்பது ரொம்மனில் எங்கள் கட்டடம் முழுவதற்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருந்தேன். அப்படியிருக்க, சனிக்கிழமை யுங்ஸ்தோர்கேச் சதுக்கத்துச் சந்தைக்கு ஸ்ட்ரோபெரி வாங்கப் போன நான், அந்த மனிதரையே அங்கே கண்டால் எப்படி இருக்கும்?

இந்திரகுமாரேதான். நாலு வருடத்துக்கு முன்பு வந்தபோது வடை சுட்டுக் கொடுத்தவள் நான், மறக்கிற முகமில்லை. பழைய கடைக்கட்டடத்தின் வளைவுகளுக்கு முன்னால் நின்று, சுற்றுலாக்காரர் போலப் பூக்கடைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எப்ப அண்ணை வந்தனீங்கள்?"

"நேற்றுப் பின்னேரம், தங்கச்சி."

"எங்கை நிக்கிறியள்?"

சதுக்கத்தின் மூலையைக் கையால் காட்டினார். ஹோட்டல். கூடப்பிறந்தவள் அதே நகரத்தில் வீடு வைத்திருக்க, கிழமை முழுக்கவும் அங்கேயாம். அவர் பார்க்கவே புஷ்பமலருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

நாளைக்கென்று ஊறப்போட்ட ஆட்டிறைச்சியை விட்டுவிட்டு, வீட்டுச் சட்டைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் சுரங்க ரயிலில் வந்து இறங்கினாள்.

"என்ரை வீட்டு வாசல் உங்களுக்குச் சின்னனாப் போச்சோ, அண்ணா?"

"அப்பிடியில்லை, மலர். நாளைக்குச் சாப்பிட வாறன் எண்டு சொன்னனான்தானே."

"சாப்பிட்டிட்டுப் போறதுக்கு நான் என்ன கடையோ வைச்சிருக்கிறன்?"

உருளைக்கிழங்கு விற்ற பெட்டை கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். பார்க்காதது போலப் பார்ப்பதில் நோர்வேக்காரர் கெட்டிக்காரர். அன்றைக்கு அவளாலும் முடியவில்லை.

"போன முறை உன்ரை ஒரே கட்டிலை எனக்குத் தந்திட்டு நீ நிலத்திலை படுத்தாய்," என்றார் இந்திரகுமார். "நான் போனாப்பிறகு இடுப்பு நாரி பிடிச்சு வேலைக்கும் போகேலாமல் கிடந்தனியாம்."

"ஆர் சொன்னது?" புஷ்பமலர் என்னைப் பார்த்தாள். ரொம்மனில் வாயுள்ளவள் நான் ஒருத்திதானா?

"ஆர் சொன்னால் என்ன. நான் சோபாவிலை படுக்கிறன் எண்டால் விடுவியே?"

"விடமாட்டன். மூத்தவர் சோபாவிலை, நான் கட்டிலிலையோ?"

"அப்ப நான் வேறை என்ன செய்யிறது?"

நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாரி அவளுடையது, முடிவு மட்டும் இவருடையதா? அவளிடம் ஒரு சொல் கேட்டாரா? நாளைக்குக் கோயிலில் நாலு பேர், "அண்ணர் ஹோட்டலிலையாமே, என்ன கோபம்?" என்று கேட்கும்போது முகம் குனிந்து நிற்கப்போவது அவள்தான். கனடாக்காரர் விமானம் ஏறிப் போய்விடுவார்.

புஷ்பமலர் கையை நீட்டினாள். "அறைத் திறப்பைத் தாங்கோ."

பெட்டியை எடுக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, கதவு திறக்கிற அட்டையைக் கொடுத்தார். அவள் தன் வீட்டுத் திறப்பை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்கள் என்ரை கட்டிலிலை படுங்கோ. நான் உங்கடை கட்டிலிலை படுக்கிறன். நாரியும் நோகாது. அண்ணர் எங்கை நிக்கிறார் எண்டு ஆரும் கேட்டால் என்ரை வீட்டிலை எண்டு நிமிர்ந்து சொல்லுவன்."

"இதென்ன விசர்க்கதை, மலர்?"

"உங்கடை கதையிலை பாதி விசர்கூட இதிலை இல்லை."

அவர் உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் ஸ்ட்ரோபெரியைப் பார்த்தேன். கடைசியில் ஹோட்டல் வரவேற்பறையில் தங்கச்சியின் பெயரைப் பதிந்துவிட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு என்னோடு ரொம்மனுக்கு வந்தார். வழியெல்லாம், "அவளுக்கு அங்கை தனியப் பயமில்லையோ?" என்று ஒரே கேள்வி. பயமாம். அன்று பின்னேரம் இவருக்குப் புட்டு அவித்ததும் நான், ஊறின இறைச்சியை அடுப்பில் ஏற்றியதும் நான்.

ஞாயிறு காலை விடிந்து எவ்வளவோ நேரத்துக்குப் பிறகுதான் புஷ்பமலர் வந்தாள். முகம் தெளிந்திருந்தது, நடையில் ஒரு நிமிர்வு. "அங்கை காலமைச் சாப்பாடும் தருகினம், அக்கா. முட்டை மட்டும் மூண்டு விதம்," என்றாள். ஒரு நன்றி உண்டா? நேரே குசினிக்குப் போய்க் கறியை ருசி பார்த்து, உப்புக் காணாது என்றாள்.

மத்தியானம் கீழ்வீட்டு மரியரஞ்சனி கேக்கோடு வந்து கதவைத் தட்டினாள். திறந்தது நான்.

"அண்ணர் வந்திட்டாராமே. எங்கை நிக்கிறார்?"

"என்ன கேள்வி இது, ரஞ்சனி?" என்றேன். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "தங்கச்சி வீடிருக்க, பின்னை ஹோட்டலிலையோ நிப்பார்?"