பத்தாவது வேலை

அந்தப் பூட்டுக் கம்பெனியில் எதிர்காலத்துக்கென்று தனியாக ஒரு பிரிவு இருந்தது. இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கும் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறைக்கும் நடுவே. பிரிவில் இருந்தவர் ஒரே ஒருவர். அவருடைய விசிட்டிங் கார்டில் 'தலைமை எதிர்கால ஆய்வாளர்' என்று அச்சாகியிருந்தது. கம்பெனியில் எல்லோரும் ஜோசியர் என்றார்கள். அவர் எதிரில் இருந்தால் மட்டும் ஒரு சார் சேர்த்துக்கொள்வார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை ஜோசியர் ஓர் அறிக்கை எழுதுவார். வழவழப்பான அட்டை, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் மேலே ஏறும் அம்புக்குறிகள். முதலாளி அதைக் கையில் வாங்கி, தர்ப்பூசணி வாங்குகிறவர் மாதிரி எடை பார்த்துவிட்டு "அருமை" என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். டீ வரும். எதிர்காலம் அலமாரிக்குப் போய்விடும். 'இன்னும் ஏழு வருடத்தில் சாவி என்ற பொருளே இருக்காது, மனிதர்கள் கதவோடு பேசித் திறப்பார்கள்' என்று ஒரு வருடம் எழுதினார். நன்றாகக் கைதட்டிவிட்டு, கம்பெனி இன்னொரு சாவிப் பட்டறையைத் திறந்தது. பேசினால் திறக்கும் பூட்டை வாங்கியவர்கள் எல்லாம், எதற்கும் இருக்கட்டும் என்று சாதாரணப் பூட்டு ஒன்றையும் வாங்கிப் போட்டார்கள். இப்படி ஜோசியர் சொன்ன எதையும் செய்யாததால் கம்பெனி பிழைத்தது. கம்பெனி பிழைத்ததால் ஜோசியரும் பிழைத்தார்.

இந்த வருட அறிக்கைக்கு 'மறையப்போகும் பத்து வேலைகள்' என்று தலைப்பு வைத்தார். ஒன்பது வேலைகளைக் காலையிலேயே ஒழித்துக்கட்டிவிட்டார். பத்தாவதுதான் சிக்கவில்லை. ஒன்பதோடு நிறுத்தினால் ஆராய்ச்சி மாதிரி இருக்காது, எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும். சரி, கொஞ்சம் தன்னடக்கமாகவும் இருக்கட்டும், கூட்டத்தில் நாலு பேர் சிரிக்கவும் செய்வார்கள் என்று, 'எதிர்கால ஆய்வாளர்: அடுத்த ஆண்டே இதை இயந்திரம் செய்யும்' என்று எழுதி முடித்தார்.

முதலாளி அந்த வருடம் பார்த்து அறிக்கையைப் படித்துத் தொலைத்தார்.

கணக்கதிகாரி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். அவர் இரண்டாவது மாடிக்கு வருவதே அபூர்வம்.

"வாழ்த்துகள் சார். முதல் தடவையா உங்க யோசனை ஒண்ணை அமல்படுத்தப் போறோம்."

"அப்படியா! எதை?"

"பத்தாவதை."

ஜோசியருக்குச் சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது. "அது சும்மா ஒரு தமாஷுக்காக எழுதினது சார்."

"அட்டையில தமாஷுன்னு போடலையே. மெஷின் வாங்கியாச்சு. உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா வியாழக்கிழமை கூட்டத்துல வந்து பேசுங்க."

வீட்டில் மனைவி அப்போதுதான் பணி முடிந்து வந்து, காலைத் தூக்கி ஸ்டூலின் மேல் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பஸ் ஓட்டுநர். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஊருக்கெல்லாம் பலன் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில துள்ளி விழுந்துச்சாம். உங்களை யாருங்க அடக்கமா இருக்கச் சொன்னது? வழக்கமில்லாத வழக்கம்."

"சிரிக்காதே. வேலை போயிடும் போலிருக்கு."

சிரிப்பு சட்டென்று நின்றது. "போகாது. நீங்க சொன்னது எது நடந்திருக்கு, இது நடக்க?"

ஜோசியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதைத்தான் நிரூபிக்கணும்."

"ஆதாரத்துக்கா பஞ்சம்? உங்க கணக்குப்படி பஸ்செல்லாம் தானா ஓட ஆரம்பிச்சு, எனக்கு வேலை போய் பத்து வருஷம் ஆச்சு. இன்னிக்குக்கூட டபுள் டூட்டி பாத்துட்டு வரேன்."

மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, என்னையும் சேர்த்துக்கோங்க. இனிமே யாரும் கையால எழுத மாட்டாங்கன்னு சொல்லி எழுத்துப் பயிற்சிக்குப் போக வேணாம்னீங்க. என் பரீட்சைப் பேப்பரைப் பாத்துட்டு டீச்சர், 'நீ டாக்டருக்குத்தாம்மா லாயக்கு'ன்னுட்டாங்க."

செய்தி மைத்துனனுக்கு எட்டியதும் போனில் வந்தான். "மாமா, என்னை மறந்துட்டீங்களே! காகிதமே இருக்காதுன்னீங்க, நான் ஜெராக்ஸ் கடையை வித்தேன். வாங்கினவன் இப்ப ரெண்டாவது மாடி கட்டறான்."

"நீ ஏன்டா என் பேச்சைக் கேட்டே?"

"தலைமை ஆய்வாளர்னு கார்டு கொடுத்தீங்களே மாமா!"

ஜோசியர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அவருடைய தொழிலில் குடும்பம் இவ்வளவு ஆர்வம் காட்டியது அதுவே முதல் தடவை.

வியாழக்கிழமை திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். சாவி இருக்காது என்றது. வீட்டில் சமையலறை இருக்காது என்றது. கைக்கடிகாரம் கட்ட ஆளிருக்காது என்றது. இதைச் சொல்லும்போது நேரமாகிவிட்டதோ என்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். விற்பனை அதிகாரிகள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு இப்படி ஒரு கூட்டம் வாய்த்ததில்லை.

"ஆக, என் கணிப்பு எதுவுமே நடந்ததில்ல. அதனால பத்தாவதும் நடக்காது."

கணக்கதிகாரி பேனாவை மூடினார். "ஒத்துக்கறேன். ஆனா எப்பவும் தப்பாவே சொல்ற ஒருத்தருக்குச் சம்பளம் எதுக்கு?"

சிரிப்பு அடங்கியது. இந்தக் கேள்வி வரும் என்று ஜோசியர் கணிக்கவில்லை.

முதலாளிதான் தொண்டையைச் செருமினார். "மெஷின் என்ன சொல்லுச்சுன்னு முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க."

கணக்கதிகாரிக்குச் சொல்ல விருப்பமில்லை. "பத்து வருஷம் கழிச்சு நம்ம கம்பெனி இருக்குமான்னு கேட்டோம். அது பல காரணங்களைப் பொறுத்தது, உறுதியாச் சொல்ல முடியாதுன்னு சொல்லுச்சு. பதினாலு பக்கத்துக்கு."

"அப்புறம்?"

"நல்லாத் திட்டினோம். மன்னிப்புக் கேட்டுட்டு அதையே இன்னும் பணிவாச் சொல்லுச்சு."

முதலாளி ஜோசியர் பக்கம் திரும்பினார். அப்பா ஆரம்பித்த கம்பெனி அது. அவர் கண்ணில் தூக்கம் கெட்டவரின் சிவப்பு இருந்தது. "நீங்க சொல்லுங்க. நாம இருப்போமா?"

ஜோசியருக்குப் பின்னால் திரையில் அவருடைய தவறுகள் இன்னும் வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தன. அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் அதைச் சொல்லத்தான் மெஷினே இருக்கிறதே. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். அவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

"இருப்போம் சார். இப்ப இருக்கறதைவிட மூணு மடங்கு பெருசா."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். தோள்கள் தளர்ந்தன. "பாத்தீங்களா? இதுக்குத்தான்யா மனுஷன் வேணுங்கறது."

"அப்படி நடக்கலைன்னா?" என்றார் கணக்கதிகாரி.

"நடக்கலைன்னா இவரைப் பிடிச்சு நாலு கேள்வி கேக்கலாம். மெஷினைக் கேட்டு என்ன பிரயோஜனம்? நாம கேக்கறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேட்டுடுது."

எல்லோரும் கைதட்டினார்கள். டீ வந்தது. ஊழியர்களின் விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்துக்கொள்ளும்படி மெஷினைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

சாயங்காலம் மனைவி மறுநாளைக்குச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"வேலை இருக்கு."

"அப்பாடா!" அவள் காலரை மடித்து அழுத்தினாள். "அப்படி என்னதான் சொன்னீங்க?"

"கம்பெனி மூணு மடங்கு பெருசாகும்னு சொன்னேன்."

"ஆகுமா?"

அவர் டையை அவிழ்த்து நாற்காலியின் முதுகில் போட்டார்.

"தெரியாது."

இஸ்திரிப் பெட்டி நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை அது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"