ஒன்றரை மணி பஸ்

வெளியே கொண்டி விழும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டு.

பானுமதி மூத்திரப் பையை வாளியில் வடித்துக்கொண்டிருந்தாள். கையுறையோடு எழுந்து முன்னறைக்குப் போய்க் கதவை இழுத்தாள். ஒரு விரல் இடைவெளி விழுந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஜன்னல் கம்பி வழியே பார்த்தபோது வீட்டுக்காரி காவேரி அதற்குள் ரோட்டை எட்டியிருந்தாள். வந்துகொண்டிருந்த பஸ்ஸின் இரைச்சலில் கூப்பிட்டது காதில் விழவில்லை. பஸ் வந்து நின்று அவளை ஏற்றிக்கொண்டு போனது.

"பூட்டிட்டாளா?" உள்ளறைக் கட்டிலிலிருந்து கிருஷ்ணப்பன் கேட்டார்.

"ஆமாங்கண்ணா."

"பழக்கம் மேடம். ஆடு நாயி உள்ள வந்துரும்னு எப்பவும் பூட்டிட்டுத்தான் போவா. ஆறு வருஷமா தனியா கெடந்தேன். இன்னிக்குத்தான் ஜோடிக்கு ஆள் கெடச்சிருக்கு."

புளி உலுக்க மரம் ஏறி விழுந்தவர் அவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பென்னாகரத்திலிருந்து வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் குழுவில் நர்ஸ் வெண்மதி பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள். பானுமதி போன்ற தன்னார்வலர்களின் வேலை வேறு. புதன்கிழமை இரண்டு மணி நேரம் நோயாளியோடு இருப்பது. அந்த நேரத்தில் வீட்டுக்காரி ரேஷன் கடைக்கோ மாவு மில்லுக்கோ போய்வருவாள். பத்து மணிக்குப் போனால் காவேரி பன்னிரண்டுக்கு முன்பே வந்துவிடுவாள். ஒருநாளும் தவறியதில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவள் வரவில்லை. போன் செய்தபோது சாமி படத்துக்குப் பக்கத்தில் சார்ஜரில் கிடந்த போன் அடித்தது. வெண்மதி அன்று வத்தல்மலையில் இருந்தாள். தொடர்பு கிடைக்கவில்லை.

அவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம். இரண்டு பேர் செய்கிற வேலை. பானுமதி புதுக் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, அவருடைய தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துப் புரட்டினாள். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்து உதவினார். கால்கள் தாமதமாக வந்தன. முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ரவிக்கை நனைந்திருந்தது. படுக்கைப் புண்ணுக்காகப் போட்ட காற்று மெத்தையின் மோட்டார் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

அவள் கணவன் மாதவராஜ் இரண்டு மணிக்கு டைல்ஸ் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வருவான். அப்போது அவள் வீட்டில் இருக்க வேண்டும். ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். போன மாதம் அரை மணி நேரம் தாமதமானபோது அவன் கத்தவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா இதோட விட்டுரு" என்றான். கேட்டபோதெல்லாம், பார்த்துக்கொள்வது ஒரு வயதான அம்மாவை என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தாள். ஆரம்பத்தில் அது உண்மை. அந்த அம்மா இரண்டு மாதத்தில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு வந்தது இந்த வீடு. அவள் திருத்திச் சொல்லவில்லை. வாரத்தில் அந்த ஒரு காலையில்தான் அவள் தனியாகப் பஸ் ஏறினாள்.

ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் ராகிக் கொல்லையில் இரண்டு பேர் குனிந்து நின்றார்கள். கத்தினால் கேட்கும். கம்பியைப் பிடித்தாள்.

"கூப்பிடப் போறீங்களா?" என்றார் கிருஷ்ணப்பன்.

"பூட்டை ஒடைக்கச் சொல்லலாம்ல."

"ஒடைப்பாங்க. அப்புறம் புருசனைப் பூட்டிப் போட்டுட்டு ஓடிட்டாள்னு அவளைப் பேசுவாங்க. உள்ள பொம்பளை யாருன்னு உங்களையும் பேசுவாங்க." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "என்னைத்தான் யாரும் பேச மாட்டாங்க."

அவள் கம்பியை விட்டாள். அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். வேறு வேலை இல்லை. கதவிலிருந்து கட்டிலுக்குப் பதினோரு அடி. கட்டிலிலிருந்து அடுப்புக்கு ஆறு.

"வந்துருவாளா?" என்று அவர் கேட்டார். இந்த முறை குரலில் கேலி இல்லை.

"வந்துருவாங்கண்ணா."

"எனக்கும் அப்படித்தான் தோணுது."

ஒன்று இருபத்திரண்டுக்கு முன்பக்கம் காலடி கேட்டது. பானுமதி ஜன்னலுக்கு ஓடினாள். காவேரி வாசற்படியில் நின்றிருந்தாள். முடியை விரித்துவிட்டிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் எண்ணெய் ஊறிய செய்தித்தாள் பொட்டலம். இன்னொரு கையில் சாவி.

"எங்க போனீங்க?" பானுமதி தணிந்த குரலில் கேட்டாள்.

"ஒகேனக்கல்லுக்குங்கக்கா. அருவியில நின்னேன்." காவேரியும் தணிந்தே பேசினாள். "பூட்டுனது பஸ்ஸுல ஒக்காந்ததுமே ஞாபகம் வந்துருச்சு. அடுத்த ஸ்டாப்புல எறங்கிருக்கலாம். எறங்குனா திரும்ப வூட்டுக்குத்தானே வரணும்."

"சரி, தொறங்க. எனக்குப் பஸ்ஸு வந்துரும்."

"இதோ தொறக்கறேங்க."

சாவியைப் பூட்டுக்கு அருகே கொண்டுபோனாள். பிறகு கையை இறக்கினாள். படியில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"அஞ்சே நிமிசம்க்கா. தலை காயட்டும்."

பானுமதி அவளுடைய முதுகைப் பார்த்தாள். இன்னொரு முறை சொன்னால் திறந்துவிடுவாள். அதில் சந்தேகமே இல்லை. சொன்னதைச் செய்கிறவள். பஸ் நிறுத்தம் நூறு அடி. ஓடினால் பிடித்துவிடலாம்.

"வந்துட்டாளா மேடம்?" உள்ளேயிருந்து கிருஷ்ணப்பன் கேட்டார்.

பானுமதி வாயைத் திறந்தாள்.

"இல்லீங்கண்ணா. இன்னும் வரல."

மோட்டார் உறுமியது.

"பொரிச்ச மீன் வாசம் அடிக்குது" என்றார் அவர். பிறகு எதுவும் கேட்கவில்லை.

வளைவில் ஹாரன் கேட்டது. காவேரி திரும்பவில்லை. கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் கொடுத்திருந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஒரு கணம் நின்று, யாரும் ஏறாமல், பென்னாகரம் பக்கம் போனது. பானுமதி கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. காவேரியின் முடி நுனியிலிருந்து ஒரு சொட்டு சிமெண்ட் படியில் விழுந்தது. அந்த ஈரம் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. முழுதும் காயும் முன் அடுத்த சொட்டு விழுந்தது.