இரண்டு முறை கூட்டிய தேய்மானம்

1.
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இது என் அண்ணியின் கதை. அவரைக் கேட்காமல்தான் எழுதுகிறேன். துளைக்குள் திருகு மரை சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் கேஜை வடிவமைப்பது அவர் வேலை. கேஜின் ஒரு முனை துளைக்குள் முழுதாக ஏற வேண்டும். மறுமுனை ஏறக் கூடாது. அவ்வளவுதான். (அண்ணியிடம் போய் "அவ்வளவுதானே" என்றால் நம் கதை அவ்வளவுதான்.)

2.
"மைக்ரானாலும் அளக்க முடியாதது மனித மனம், அது..." சே. அடித்துவிட்டேன். நடந்ததையே சொல்கிறேன்.

அண்ணனும் அதே தொழிற்சாலைதான். ஆக்சிஜன் சிலிண்டர் வால்வு செய்யும் பிரிவுக்கு சூப்பர்வைசர். மரை பிசகினால் வாயு கசியும். குழாயின் மறுமுனையில் நோயாளி இருப்பார். அண்ணி வரைந்த புது கேஜ், அவன் செய்த நானூறு வால்வில் ஒன்றில்கூட ஏறவில்லை.

"பழைய கேஜ் எல்லாத்துலயும் ஏறுதே!"

"பழசு தேஞ்சு மெலிஞ்சிடுச்சு. அது எதுல வேணா ஏறும். குத்தம் உங்க மரையில."

"வீட்லதான் எல்லாத்துக்கும் நான் குத்தவாளி, இங்கயுமா?"

பக்கத்தில் நின்ற மேலாளர் சிரிப்பை மறைக்க இருமினார். வால்வுகளுக்கு 'ஆகாது' என்று சிவப்புச் சீட்டு விழுந்தது.

3.
இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தேன். தப்பே செய்யாத ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது? நல்லவேளை, அண்ணியே கைகொடுத்தார்.

மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு வரைபடத்தை மறுபடி விரித்தார். உபயோகத்தில் தேயும் என்பதால் ஏறும் முனையைத் துளி பருமனாக வைப்பார்கள். அந்தத் துளியை அவர் இரண்டு முறை கூட்டியிருந்தார். அந்தப் பருமனுக்குச் சரியான மரையில்கூட கேஜ் ஏறாது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட மேலாளர் எதையும் படிக்கிற ஜாதியில்லை.

நேராக அண்ணனின் இயந்திரங்களுக்கு நடுவே போய் நின்றார்.

"உங்களைச் சொல்றதுக்கு முன்னாடி என் கணக்கைப் பாத்திருக்கணும். தப்பு என்னோடது."

அண்ணன் ஆடித் தீர்ப்பான் என்று எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள்.

"பழசு தேஞ்சதும் நிஜந்தான். ரெண்டையும் நம்ப வேணாம். புதுசா ஒண்ணு போடு. அது ஏறாததை நானே உடைச்சுப் போடறேன்."

4.
மூன்றாவது கேஜ் வந்தது. அண்ணன் ஒரு வால்வை நீட்டி, "நீயே திருகு" என்றான். ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவதில் அண்ணியின் கை நின்றது.

(எல்லாம் ஏறியது என்று எழுதினால் அண்ணன் அண்ணியிடம் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். பாதிதான் என்றால், மூன்றாவது கேஜையும் சந்தேகிக்கிறாயா என்று அண்ணி என்னைச் சும்மா விடமாட்டார். அந்த வீட்டில்தான் நான் சாப்பிட்டாக வேண்டும்.)

ஆகவே, இந்தாருங்கள், கேஜும் வால்வும். மெதுவாகத் திருகுங்கள். அழுத்தி ஏற்றினால் அண்ணி கண்டுபிடித்துவிடுவார்.