முதலில் சிரித்தவன்

பிளாஸ்டிக் அளவுக் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள் மனைவி.

"நாப்பத்தஞ்சு மில்லி. நேத்து அறுபது இருந்துச்சு. கொறையுதுங்க."

ஃப்ரிட்ஜின் மேல் கிடந்த நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதினாள். அவன் அடிவயிற்றிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்து, கைக்குள் அடங்கும் ரப்பர் குமிழ் ஒன்றில் முடிந்தது. காயத்துக்குள் ஊறுகிற நீர் அதில்தான் இறங்கும். காலையும் மாலையும் குமிழைத் திறந்து, கொட்டி, அளந்து, அமுக்கி மூட வேண்டும். முப்பதுக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்களேன். நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா, இப்படிக் கூச்சப்படறீங்க?"

அவன் திரும்பவில்லை. ஆபரேஷன் முடிந்து பத்தாவது நாள். தையல் இழுக்கும் என்பதால் நிமிர்ந்து நிற்கக் கூடாது. எதையோ தரையில் தொலைத்துவிட்டுத் தேடுகிறவனைப் போலக் குனிந்தபடி குளியலறைக்கு நடந்தான். வாசலுக்கு வந்ததும் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். இப்போது அந்த வாசலில் அவனைப் போல இரண்டு பேர் தாராளமாகப் போகலாம். மனைவி அதைக் கவனித்தாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருஷங்களுக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு புதுக் கட்டடத்தில் ஆறு பேராக லிஃப்டில் ஏறினார்கள். கடைசியாக அவன் காலை வைத்தபோது பாரம் கூடிவிட்டதென்று மணி அலறியது. ஃபோர்மேன் அவன் தோளில் தட்டி, "எறங்குடா தம்பி, லிஃப்ட்டு பாவம், வாயில்லா ஜீவன்" என்றார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்று மாலைக்குள் அவனுக்கு 'ஓவர்லோடு' என்று பேர் வந்துவிட்டது. அவன் அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது.

அன்றைக்கே அவன் ஒரு பாடம் படித்துக்கொண்டான். யாராவது கேலியை ஆரம்பித்தால் முதலில் நாமே சிரித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் வலித்தது வெளியே தெரியாது. நல்ல மனுஷன், எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதவன் என்று நாலு பேர் சொல்வார்கள்.

எடை ஏறிக்கொண்டே போனது. நூற்று நாற்பத்தெட்டுக் கிலோவில், சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் மிரட்டினார். பிறகு இரண்டரை வருஷம் வாயைக் கட்டினான், நடையாய் நடந்தான். எழுபது கிலோ போயிற்று. ஆனால் தோல் போகவில்லை. காற்றுப் போன டயர் போல வயிற்றில் மடிந்து தொடை வரைக்கும் தொங்கியது. மடிப்புக்குள் வியர்வை தங்கிப் புண்ணாகி, நடக்க நடக்க உரசி ரத்தம் கசிந்தது. கடைசியில் பிளாஸ்டிக் சர்ஜரி செய்யும் டாக்டரிடம் போனான். இடுப்பின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வெட்டி, நாலரைக் கிலோ தோலை எடுத்துவிட்டுத் தைத்தார்கள்.

எடுத்தது போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனுக்கு மட்டும் அது போகவில்லை.

விடியலில் தூக்கம் கலையும்போது, புரண்டு படுப்பதற்கு முன்னால் அவன் இரண்டு கைகளும் தாமாகவே அடிவயிற்றுக்குப் போகும், தொங்கும் மடிப்பை ஏந்தித் தள்ளிவைப்பதற்காக. கையில் ஒன்றும் அகப்படாது. அந்த ஒரு கணம், அது இங்கேதான் எங்கேயோ இருக்கிறது, கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவனுக்காகக் காத்துப் படுத்திருக்கிறது என்று தோன்றி உடம்பெல்லாம் வேர்த்துவிடும். தொப்புளுக்குக் கீழே தொட்டால் உணர்ச்சியே இல்லை. நரம்பில் உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகும் என்றிருந்தார் டாக்டர். தொடுகிற விரலுக்குத் தெரியும், தொடப்படும் வயிற்றுக்குத் தெரியாது. வேறு யாருடைய வயிறோ தன்மேல் வைத்துத் தைக்கப்பட்டிருப்பதாக நினைத்துக்கொள்வான். மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, சத்தமில்லாத வீட்டில் பட்டப்பகலிலேயே அந்த லிஃப்ட் மணி அவன் காதில் அலறும். எழுந்து கதவைத் திறந்து பார்ப்பான். வெளியே வெறும் வராந்தாதான் இருக்கும்.

இதைவிடப் பெரிய பயம் சாப்பாட்டில் இருந்தது. காயம் ஆறத் தினமும் இரண்டு முட்டை, பால், பருப்பு எல்லாம் கட்டாயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மனைவி அவித்து, உரித்து, தட்டில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். ஒரு வாய் தின்றாலும் அந்த நாலரைக் கிலோ வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்துவிடும் என்று தோன்றும். முட்டையைப் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பைக் கூடையின் அடியில் தள்ளிவிடுவான். பாலைக் கழுவுதொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிடுவான்.

குழாயை எடுத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஃபோர்மேன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். மோசமான ஆள் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஆபரேஷனுக்கு ஆறு வார லீவு வாங்கிக் கொடுக்க மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றவர் அவர்தான். வந்ததும் வராததுமாக, "என்னடா, ஆள் பாதியா போயிட்ட! மீதியை எங்கடா வெச்சிருக்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் வழக்கம்போல முந்திக்கொண்டு சிரித்தான். 'மீதி' என்ற சொல் மட்டும் முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, ஒன்பது வயது மகள் தட்டில் பிஸ்கட் எடுத்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள், அவ்வளவுதான். அவள் பெரியப்பா என்று கூப்பிடும் ஃபோர்மேன் அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

"அடடே, குட்டி ஓவர்லோடு! அப்பன் விட்டதை இது பிடிச்சுக்கிச்சு போலிருக்கே!"

வீடே அதிரச் சிரித்தார்கள். முதலில் சிரித்தது அவன். யோசிக்கவே இல்லை. பதினாறு வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது. மகள் அப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அடுத்த மூன்று நாளும் அவளுடைய சாப்பாட்டு டப்பா பள்ளியிலிருந்து மூடி திறக்காமல் திரும்பி வந்தது. "பசிக்கலம்மா" என்றாள். அவனுக்கோ தன் கவலையே பெரிதாக இருந்தது. தையலின் நடுவில் ஒரு இடம் சிவந்து, கட்டுத்துணியில் லேசாக நாற்றம் அடித்தது. மனைவி பார்க்க வந்தபோது, "நானே மாத்திக்கிட்டேன், நல்லாத்தான் இருக்கு" என்று தட்டிக்கழித்தான். திரும்பவும் டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றி நிற்க வேண்டுமே என்ற நினைப்பே அவன் வாயை அடைத்துவிட்டது.

வியாழக்கிழமை காலை. மனைவி சீக்கிரமே வேலைக்குப் போயிருந்தாள். கீழே பள்ளி வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டது. மகள் ஷூ போட முடியாமல் நின்றுகொண்டிருந்தாள். குனிய முயன்றாள், முடியவில்லை. முகம் வெளுத்து, சின்னச் சின்னதாக மூச்சு வாங்கினாள். இரண்டடி நடந்தாள். தன் நடையை யாரோ எதிரில் நடந்து காட்டுவது போலிருந்தது அவனுக்கு.

"என்ன கண்ணு, வயிறு வலிக்குதா?"

அவள் பின்னால் நகர்ந்தாள். அவன் சீருடைச் சட்டையைத் தூக்கிப் பார்த்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவன் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்ளக் கொடுத்த இறுக்குப் பட்டைகள் இரண்டு. ஒன்று அவன் இடுப்பில் இருந்தது. துவைத்துக் காயப்போட்ட இன்னொன்று மகளின் வயிற்றை இரண்டு சுற்று சுற்றி, ஊக்குக் குத்தி இறுக்கப்பட்டிருந்தது. பட்டையின் ஓரத்தில் பிஞ்சுத் தோல் கன்றிப் போயிருந்தது.

"எதுக்கு பாப்பா இது?"

"கட்டினா சின்னதாயிடும்ல? உங்களுக்கு ஆச்சே."

"நீ குண்டுன்னு யாரு சொன்னா?"

"பெரியப்பா சொன்னாரு." அவள் உதடு பிதுங்கியது. "நீங்களும் சிரிச்சீங்கல்லப்பா. உண்மையில்லன்னா சிரிப்பீங்களா?"

அவன் சட்டென்று மண்டியிட்டு உட்கார்ந்து ஊக்கைப் பிடுங்கினான், பட்டையைப் பிரித்தெடுத்தான். அந்த வேகத்தில் அடிவயிற்றில் ஏதோ விட்டுப்போனது. வலியே இல்லை, வெதுவெதுவென்று தொடையில் வழிந்தபோதுதான் தெரிந்தது. குனிந்து பார்த்தான். வேட்டி முழுவதும் சிவப்பு. மகள் வீறிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். மகளும் கூடவே ஏறிக்கொண்டாள். மனைவி வேலை உடுப்போடு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். தையல் நடுவில் நாலு விரல் அகலத்துக்குப் பிரிந்து, உள்ளே சீழ் கட்டியிருந்தது. டாக்டர் காயத்தையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரத்தத்துல புரதம் இவ்வளவு கம்மியா இருந்தா காயம் எப்படிச் சேரும்? என்ன சாப்பிடறீங்க?"

"நீங்க எழுதிக் கொடுத்ததெல்லாம் குடுக்கறேன் டாக்டர்," என்றாள் மனைவி.

"அப்பா முட்டையைக் குப்பையில போட்டுடுவாரு," என்றாள் மகள் மெதுவாக. "லீவு அன்னிக்கு நான் பாத்தேன். அதனாலதான் நானும் சாப்பிடல."

மனைவி அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் பிறகு, "ரெண்டு நாள் தள்ளி வந்திருந்தா விஷம் ரத்தத்துல ஏறியிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

காயத்தைத் திரும்பத் தைக்க முடியாது, உள்ளிருந்து தானாக ஆற வேண்டும் என்று அவனை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்தார்கள். நர்ஸ் தினமும் வந்து பழைய துணியை எடுத்துப் புதிதாக வைத்துக் கட்டினார். முதல் இரண்டு நாள் அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாம் நாள் தலையணையை உயர்த்திவைக்கச் சொல்லி, முழுசாகப் பார்த்தான். சிவப்பாக, ஈரமாக, பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது அவனுடையது. அன்று மனைவி கொண்டுவந்த முட்டையை எல்லோரும் பார்க்கத் தின்றான். ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று நின்று இறங்கியது.

நாலாம் நாள் மாலை ஃபோர்மேன் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். வாசலிலேயே அவர் குரல் கேட்டது.

"என்னடா ஓவர்லோடு! இந்தக் கட்டிலாவது தாங்குதா?"

பக்கத்துக் கட்டில்காரர் களுக்கென்று சிரித்தார். அவன் வாயும் விரியத் தொடங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகள், பெரியப்பாவைப் பார்க்காமல் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டான். அவன் சிரிக்காததால் பக்கத்துக் கட்டில்காரரின் சிரிப்பு பாதியில் நின்று அசடு வழிந்தது.

"என்னடா, வலிக்குதா?" என்றார் ஃபோர்மேன்.

"ஆமாண்ணே. பதினாறு வருஷமா."

மகள் பட்டை கட்டிக்கொண்ட கதையை அவன் சொன்னான். குரலை உயர்த்தாமல், எதையும் மறைக்காமல் சொன்னான். முட்டையைக் குப்பையில் போட்டதையும், பட்டப்பகலில் மணி அலறுவதையும் சேர்த்தே சொன்னான்.

"தமாஷுக்குத்தானேடா சொன்னேன்," என்றார் ஃபோர்மேன், சுரத்தில்லாமல். "நீயும் சிரிப்பியே!"

"சிரிச்சேன். அது என் தப்பு. அழுதா இன்னும் சிரிப்பீங்கன்னு பயந்து சிரிச்சேன்."

ஃபோர்மேன் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ஆரஞ்சை உரித்து மகளிடம் நீட்டினார். "பெரியப்பா தப்பாப் பேசிட்டேன்மா. சாப்பிடு." அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு சுளை தின்றாள், இன்னொன்று தின்றாள். மூன்றாவது சுளையைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். தின்னலாமா வேண்டாமா என்று கணக்குப் பார்ப்பது முகத்தில் அப்படியே தெரிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்த ஃபோர்மேனின் முகம் மெல்லச் செத்துப்போனது. "ஒம்பது வயசுப் பிள்ளைடா," என்றார். "ஒத்தச் சுளைக்கு யோசிக்குது. நான் ஒரு வார்த்தைதானே சொன்னேன்?"

"அந்த ஒரு வார்த்தைதாண்ணே," என்றான் அவன். "ஒருத்தரோட உடம்பை வெச்சு சிரிக்கிறவங்களுக்கு, அந்தச் சிரிப்பு அங்கேயே முடிஞ்சு போயிடும். கேட்டவங்க அதைக் காலம் பூரா சுமக்கணும். தோலை டாக்டர் வெட்டி எடுத்துட்டாரு. இதை எந்த டாக்டராலயும் எடுக்க முடியாது. நாமதான் சொல்லாம இருக்கணும். யாராவது சொன்னா, கூடச் சேர்ந்து சிரிக்காமலாவது இருக்கணும்."